இன்னும் கொஞ்சம் திக்குங்க

நான் டப்பிங் வசனம் எழுதுகிறவன். வெளிநாட்டு சூப்பர் ஹீரோ தொடர்களைத் தமிழுக்குக் கொண்டுவருகிறேன். எங்கள் தொழிலில் ஒரே சட்டம்: உதடு அசைந்தால் அங்கே வார்த்தை இருக்க வேண்டும்.

அந்தத் தொடரின் நாயகன் திக்கிப் பேசுகிறவன். பறப்பான், பேருந்தைத் தூக்குவான், தன் பெயரைச் சொல்வதற்குள் வியர்த்துப்போவான். முதல் பாகத்துக்கு எழுதியவர் எனக்கு முன்னால் இருந்தவர். சட்டப்படி நடந்தார். நாயகன் திக்கிய இடமெல்லாம் உதடு அசைந்தது, அங்கெல்லாம் வார்த்தையை அடைத்தார். தமிழில் அவன் வாய் ஓயாத ஆளாகிவிட்டான். குரல் கொடுத்தவரை நாங்கள் 'கணீர்' என்போம்.

இரண்டாம் பாகம் என்னிடம் வந்த வாரம் மச்சான் வீட்டுக்கு வந்தான். என் மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். அவனும் திக்குவான். அவள் இறந்த பிறகும் வருகிறவன் அவன் ஒருவன்தான். அழைப்பு மணியைச் சரிபார்த்துவிட்டுத்தான் உட்காருவான்.

"மாமா, மு-முதல் பாகம் பார்த்தேன். என்னை மாதிரி ஒருத்தன் ப-ப-பறக்கறான்னு ஆசையா உட்கார்ந்தா, அவனை வக்கீலாக்கி வச்சிருக்கீங்க."

"அது நான் எழுதலை மாப்ள."

"இப்ப எழுதறது நீங்கதானே? குரல் நான் குடுக்கறேன்."

"விளையாடாதே."

"வேற எந்த வேலைக்கு மாமா எனக்கு இவ்ளோ த-தகுதி இருக்கு?"

டப்பிங்கை நடத்தும் டைரக்டரம்மாவிடம் கேட்டேன். சோதனைக்கு ஒரு காட்சி தந்தார். சரிவந்தால் பாகம் முழுவதும் அவனுக்கு. இல்லையென்றால் கணீரே. கணீர் திக்கவும் தயாராக இருந்தார். சோதனை நாளன்று ஸ்டுடியோவில், சாப்பாட்டு வேளையில் திக்கிக் காட்டினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மச்சான் டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டான்.

சோதனைக் காட்சியில் பாலத்தில் பேருந்து தொங்குகிறது. உள்ளே ஒரு சிறுமி. நாயகன் அவளிடம் பேச வேண்டும். மச்சான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான். காதில் மூலக் குரல் ஓடியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"நான் இருக்கேன். பயப்படாதே. கையைக் குடு."

தண்ணீர் மாதிரி ஓடியது. செய்தி வாசிப்பவர்கள் தோற்றார்கள்.

டைரக்டரம்மா என்னைப் பார்த்தார். "இவருக்குத் திக்கும்னு சொன்னீங்க?"

மச்சான் என் பக்கம் திரும்பினான். "எ-எனக்கு என்ன ஆச்சு மாமா?"

இன்னொரு டேக். முன்னைவிடச் சுத்தமாகப் பேசினான்.

"இன்னும் கொஞ்சம் திக்குங்க தம்பி!"

"மே-மேடம், ப-பொறந்ததுலேருந்து எல்லாரும் குறைக்கத்தான் சொன்னாங்க. நீங்கதான் கூட வேணும்னு கேக்கறீங்க."

என் தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது. டைரக்டரம்மா திரும்பிப் பார்த்தார். சிரிப்புதான்.

பிறகு உறைத்தது. கூடவே இன்னொரு குரல் பேசினால் அவனுக்குத் திக்காது. பள்ளிப் பாடத்தை அக்காவும் தம்பியும் ஒன்றாகத்தான் வாசிப்பார்களாம். என் மனைவி சொல்லியிருக்கிறாள். ஹெட்ஃபோனைக் கழற்றச் சொன்னேன்.

திக்கல் வந்தது, தப்பான இடத்தில். நாயகன் தொடக்கத்திலேயே உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறான். மச்சான் 'நான் இருக்கேன்' வரை ஓடி, நடுவில் மாட்டிக்கொண்டான். திரையில் மூடிய வாய், ஒலிபெருக்கியில் பேச்சு.

"இது ஒட்டாது. கணீரைக் கூப்பிடறேன்" என்று டைரக்டரம்மா போனை எடுத்தார்.

"ஒரே ஒரு டேக்" என்றேன்.

எப்போதும் திரையில் இருக்கும் உதட்டுக்கு வார்த்தை தேடுவேன். இம்முறை மச்சானின் வாய்க்கும் சேர்த்துத் தேடினேன். 'ப'வில் அவன் மாட்டாமல் போனதே இல்லை. 'ப' சொல்ல உதட்டை மூடவும் வேண்டும். நடுவில் இருந்த வார்த்தையை முன்னால் போட்டேன்.

விளக்கு எரிந்தது. மச்சான் "ப..." என்று தொடங்கி நின்றான். நாயகனும் நின்றான். இரண்டு பேர் உதடுகளும் மூடியிருந்தன. பேருந்துக்குள் சிறுமி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ப-ப-பயப்படாதே. நான் இருக்கேன். கையைக் குடு."

டைரக்டரம்மா போனைக் கவிழ்த்து வைத்தார்.

"தம்பி, லிஃப்டுக்கு லீவு சொல்லிடுங்க." என் பக்கம் திரும்பினார். "நீங்க எல்லா எபிசோடையும் இவர் வாய்க்குத் தகுந்த மாதிரி திருப்பி எழுதணும். செம வேலை."

"எழுதறேன்."

வாசல் படியில் நின்று மச்சான் தன் அம்மாவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில்.

"அம்மா, நான் ப-ப-..."

கணீர் அந்த வழியாக வந்தார். நல்ல மனுஷர்தான். "பாஸ்னு சொல்லுப்பா" என்று உதவ வாயெடுத்தார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். போனின் அந்தப் பக்கம் அத்தையும் பேசவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"ப-ப-பாஸாயிட்டேன்மா."

"என்ன பரீட்சைடா எழுதினே?" என்றார் அத்தை.

அதைச் சொல்லி முடிக்க நேரமாகும். நான் படியில் உட்கார்ந்தேன். கணீரும் உட்கார்ந்தார்.