விடுமுறையில் அளந்த ஹெந்தளை

2025 ஓகஸ்ட் 19, செவ்வாய்.
இன்றைய பிழை: ஹெந்தளையிலிருந்து வெள்ளவத்தைக்குப் பயண நேரம் அளந்த கிழமையில் பள்ளிக்கூடங்கள் விடுமுறை. அதை நான் கவனிக்கவில்லை. சிறிய பிழை.

எழுதி முடித்த உஷாந்தி, ‘சிறிய’ என்ற சொல்லை வெட்டினாள். வெட்டியது சரிதானா என்றும் ஒருமுறை யோசித்தாள். கொட்டாஞ்சேனையில் தரக் கட்டுப்பாட்டு டிப்ளோமா மாலை வகுப்பு நடக்கும் இரண்டாம் மாடி அது. ஆசிரியர் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பிழையைக் கண்டுபிடித்த நிம்றா பக்கத்து நாற்காலியில் இருந்து பாடக் குறிப்பை மடித்து விசிறிக்கொண்டிருந்தாள்.

நிம்றாவுக்கு வீடு வத்தளை மாபோலை. ஹெந்தளையிலிருந்து கூப்பிடு தூரம். அதனால்தான் உஷாந்தி ஒரு பெருமையோடு தன் அட்டவணையை அவளிடம் காட்டினாள். நிம்றா முதல் வரியைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

“ஹெந்தளைலேந்து வெள்ளவத்தைக்கு ஒரு மணித்தியாலம் நாலு நிமிசமா? எந்த ஹெலிகொப்டர்ல போன நீங்க?”

“பஸ்ஸிலதான். மூண்டு நாள் அளந்தனான். சராசரி எடுத்திருக்கு.”

“எப்ப அளந்த?”

“போன கிழமை. திங்கள், செவ்வாய், புதன்.”

“ஸ்கூல் லீவுல. நல்லா ஈக்குது உஷா. நோம்பு நாள்ல வந்து சாப்பாட்டுக் கடேல சனமில்லண்டு எழுதின மாதிரி. நேத்துத்தான் ஸ்கூல் தொறந்த. நாளைக்கு வந்து பாருங்க, பேலியகொடைல பஸ் நிண்டா ஒரு தூக்கம் போட்டுட்டு எழும்பலாம்.”

உஷாந்திக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வேலை செய்வது நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில், ஒரு சட்டத்தரணியின் கந்தோரில். அவர் வருடத்தில் ஒரே ஒரு கிழமை, அந்த ஓகஸ்ட் கிழமைதான், கந்தோரைப் பூட்டுவார். அவளுக்குக் கிடைத்த ஓய்வும் அது ஒன்றுதான். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை கிடையாது. இத்தனையும் உண்மை. ஆனால் இன்னொன்றும் உண்மை: ஹெந்தளை வந்தால் கந்தோரும் இந்த வகுப்பும் அவளுக்குக் கிட்ட. தனக்கு வசதி என்பதால்தான் கண் தானாகவே மூடிக்கொண்டதோ?

வெள்ளவத்தையில் அவர்கள் பத்தொன்பது வருடமாக வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரருடைய மகன் ஒக்டோபர் முடிவில் அவுஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வருகிறான். வீடு அவனுக்கு வேண்டும். வெள்ளவத்தைக்குள் வாங்குவது நடக்கிற காரியமில்லை. தினமும் போய்வரக்கூடிய ஓர் ஊர் வேண்டும் என்று ஹெந்தளை, பாணந்துறை, பிலியந்தலை என மூன்றைக் குறித்தார்கள். “வீடு சீதன வழமைப்படி உன்ரை பேரிலதானே எழுதப்போறம். நீயே அளந்து பார்த்துச் சொல்லு பிள்ளை,” என்றுவிட்டார் அப்பா நாகேந்திரம்.

அளந்ததில் முக்கியமான கட்டம் அப்பாவினுடையது. அறுபத்தொரு வயதில் வெள்ளவத்தைக் காலி வீதியில் மக்கீன் ஹாஜியாரின் புடவைக்கடையில் இன்னும் வேலை செய்கிறார். போன வருடம் இருதயக் குழாயில் ஸ்டென்ற் வைத்தபோது, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கவேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

வருகிற வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஹெந்தளை வீட்டுக்கு உடன்படிக்கை எழுதுவதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார்.

அன்று வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனபோது அம்மா இரத்தினம்மா சமையலறையில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“இதெங்காலை அம்மா?”

“ஹெந்தளையில, அந்த முன்வீட்டுக்காரி தந்து விட்டவ. கொப்பரோட பின்னேரம் ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வந்தனான். வாய் ஓயாமல் கதைக்கிற மனிசி. நல்ல தமிழ். கோயிலுக்கும் நடந்து போகலாமாம். ஐயரிட்டப் பால் காய்ச்ச நாளும் கேட்டாச்சு. செப்ரெம்பர் பன்னிரண்டு.”

இவ்வளவையும் அம்மா ஒரே மூச்சில் சொல்லி உஷாந்தி அண்மையில் பார்த்ததில்லை. பிழையைச் சொல்ல எடுத்த வாயை அவள் மூடிக்கொண்டாள்.

அப்பா உள்ளேயிருந்து வந்து, தபாலட்டை போலப் பளபளத்த ஒன்றை மேசையில் வைத்தார். அவள் வீட்டில் கொடுத்திருந்த அட்டவணைப் பிரதி. கடைக்குப் பக்கத்தில் போட்டோக்கொப்பி எடுக்கும் இடத்தில் லமினேற் பண்ணுவித்திருந்தார்.

“ஹாஜியாருக்குக் காட்டினனான். தன்ரை மகன் இஞ்சினியர், அவனுக்கே இப்பிடி எழுத வராது எண்டார்.”

“அப்பா, அதில இன்னும் சரிபார்க்க வேண்டியது கிடக்கு.”

“என்னத்தைச் சரிபார்க்கிறது? நீ மூண்டு தரம் அளக்காமல் ஒரு கரண்டி உப்புப் போடமாட்டாய்.”

அம்மா சிரித்தாள். உஷாந்தி பேனாவை எடுத்து முதல் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போடப் பார்த்தாள். பிளாஸ்டிக்கில் மை பிடிக்கவில்லை. விரலில்தான் ஒட்டியது.

மறுநாள் கந்தோரில் அவசர வேலை என்று பொய் சொல்லிவிட்டு விடியற்காலை ஐந்து மணிக்கு முன்னமே வீட்டைவிட்டு வெளிக்கிட்டாள். ஹெந்தளைச் சந்தியில், அப்பா ஏறவேண்டிய இடத்தில், ஆறு இருபதுக்குப் பஸ் ஏறினாள். உட்கார இடமில்லை. “இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட” என்று கொண்டக்டர் எல்லாரையும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தான். வத்தளைச் சந்திக்குள் போக முன்னமே ஸ்கூல் வான்கள் மூன்று வரிசையில் நின்றன. பேலியகொடையில், ஒருகொடவத்தைப் பக்கம் போகிற கொள்கலன் லொறிகளுக்கு நடுவில் பஸ் இறுகிப்போய்விட்டது.

அவளுக்கு முன்னால் அப்பாவின் வயதிருக்கும் ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது கை நோகும்போது இடது கைக்கு மாறினார். அது நொந்ததும் மீண்டும் வலது. உஷாந்தி எண்ணத் தொடங்கினாள். புறக்கோட்டை வருவதற்குள் பதினொரு தடவை. அதைக் கொப்பியில் எங்கே எழுதுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு கட்டமே அட்டவணையில் இல்லை. புறக்கோட்டையில் இறங்கிக் காலி வீதி பஸ்ஸுக்கு ஓடினாள். அதிலும் நின்றபடிதான்.

எட்டுப் பன்னிரண்டுக்குப் புடவைக்கடை வாசலில் இறங்கினாள். அப்பா குனிந்து ஷட்டர் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். நிமிர்ந்தவர் அவளைக் கண்டதும் பயந்துபோனார்.

“என்ன பிள்ளை? அம்மாக்கு ஏதுமோ?”

“இல்லை. நான் ஹெந்தளையிலயிருந்து வாறன்.” மூச்சு வாங்கியது. “அட்டவணையில பிழை அப்பா. அது பள்ளிக்கூட லீவுக்குள்ள அளந்தது. இண்டைக்கு ஒரு மணித்தியாலம் ஐம்பத்திரண்டு நிமிசம்.”

அவர் கடைக்குள் மாட்டியிருந்த மணிக்கூட்டை எட்டிப் பார்த்தார்.

“இருந்து வந்தனியோ, நிண்டு வந்தனியோ?”

“நிண்டு. ரெண்டு பஸ்ஸிலயும்.”

ஷட்டரை அரைவாசி தூக்கிய அப்பா அப்படியே விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார். சேர்ட் பையிலிருந்து அந்த லமினேற் அட்டையை எடுத்துப் பார்த்தார்.

“நேற்றே தெரியுமோ?”

“ஓம். அம்மா அவ்வளவு சந்தோசமா இருந்தா. வாய் வரேல்லை. எனக்கும் ஹெந்தளைதான் வசதி. அதாலதான் லீவு எண்டது மண்டையில ஏறேல்லையோ தெரியாது.”

“அதெல்லாம் பிறகு பாப்பம். நான் அந்த மனிசனுக்கு வாக்குக் குடுத்திட்டன்.”

ஹெந்தளை வீட்டை விற்கும் வின்சன்றுக்கு அங்கேயே இருந்தபடி தொலைபேசி எடுத்தார். இரண்டு நாள் தவணை கேட்டார். அந்தப் பக்கம் நீளமாகப் பேசியது. வைத்த பிறகு சொன்னார்: “வேற ஆக்களும் கேக்கினமாம். ஞாயிறு பின்னேரம் மட்டும் பொறுப்பாராம். அதுக்குப் பிறகு தன்னைக் குறை சொல்லக்கூடாதாம்.”

மாலையில் அம்மாவிடம் சொன்னது அப்பா. அம்மா கேட்டுவிட்டு, அடுப்பில் கொதித்த முருங்கையிலைக் கஞ்சியைக் கிண்டினாள்.

“அப்ப பாணந்துறை. பிலியந்தலைக்கு ரெயினும் இல்லை.”

“அதுவும் தெரியாது அம்மா. அதையும் அதே கிழமைதான் அளந்தனான். ரெயினில அம்பது நிமிசம் எண்டு கிடக்கு. லீவு இல்லாத நாள்ல அப்பாக்கு இருக்க இடம் கிடைக்குமோ தெரியாது.”

“கிடைச்சாலும் நான் அங்க ஆரோட கதைக்கிறது? கடலோடயோ? எனக்குச் சிங்களத்தில சீனி வாங்கத்தான் தெரியும்.”

“இரத்தினம்,” என்றார் அப்பா, மெதுவாக.

“நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. நீங்கள் நிண்டு நிண்டு வந்து வாசலில விழுந்தா, அந்த முன்வீட்டுக்காரியோட நான் என்னத்தைக் கதைக்கிறது?” கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டிவிட்டுச் சொன்னாள்: “ஆனா ஐயரிட்ட நாளை மாத்தச் சொல்லி நான் கேக்கமாட்டன். அளந்தவ போய்க் கேக்கட்டும்.”

உஷாந்தி தலையாட்டினாள். அம்மா மூன்று கோப்பையில் கஞ்சி ஊற்றினாள். தன்னுடையதைத் தொடாமல் நெடுநேரம் வைத்திருந்தாள்.

சாப்பிட்டு முடிய அப்பா லமினேற் அட்டையை எடுத்து, கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டி, தாளை உருவப் பார்த்தார். தாள் இரண்டாகக் கிழிந்தது. அவளிடம் நீட்டினார்.

“புதுசா எழுது. இந்தமுறை, இருந்தோ நிண்டோ எண்டு ஒரு கட்டம் போடு.”

அவள் கோடு கீறினாள். எந்த நாளில் அளந்தது, பள்ளிக்கூடம் நடந்ததா, இருந்தோ நின்றோ, பக்கத்து வீட்டில் யார். கடைசிக் கட்டத்தை அம்மாவுக்காகப் போட்டாள். அதை எந்த அளவில் நிரப்புவதென்று அவளுக்கு விளங்கவில்லை. எல்லாக் கட்டங்களும் வெறுமையாகக் கிடந்தன. ஞாயிறு வர நான்கு நாள். அதில் பள்ளிக்கூடம் நடக்கிற நாள் இரண்டுதான். நாட்குறிப்பை எடுத்தாள்.

2025 ஓகஸ்ட் 20, புதன்.
இன்றைய பிழை: வீட்டில் பொய் சொன்னது. நேற்றே சொல்லாதது.
ஹெந்தளை, பள்ளிக்கூட நாள்: 1 மணி 52 நிமிடம். நின்று.
நாளை: கந்தோருக்கு அரைநாள் லீவு கேட்பது. காலை முதல் ரயிலில் அப்பாவும் நானும் பாணந்துறைக்குப் போவது. அங்கிருந்து, வேலைக்குப் போகிற நேரத்து ரயிலில் வெள்ளவத்தைக்குத் திரும்பி வருவது. ஏறியதும் அப்பா இருந்தாரா நின்றாரா, நின்றால் எந்த ஸ்டேஷன் வரை என்று எழுதுவது. பின்னேரம் ஐயரிடம் போவது.