அமாவாசைக்கு வந்த குதிரை

தபோதரன் செத்துப்போன அப்பாவுக்காக அமாவாசை விரதம் பிடிப்பவர். பிராங்பேர்ட்டில் காகத்துக்குக் குறைவில்லை. பல்கனியில் சோறு வைத்தால் ஐந்தாறு வந்து சண்டை பிடிக்கும். கீரை கொடுக்கத்தான் மாடு கிடையாது. அதனால் நகருக்கு வெளியே, பழைய இராணுவ மைதானத்தில் காட்டுக்குதிரைகளை வளர்க்கும் வேலியடிக்குப் போனார்.

"குதிரையை மாடாக்கின ஆள் நீங்கள் ஒராள்தான்" என்றாள் மனைவி சுபானி.

"வாயில்லாச் சீவன் எல்லாம் ஒண்டுதான், விடும்."

கோயில் குதிரை வாகனம்போல் வழவழவென்று இருக்கும் என்று நினைத்துப் போனவருக்கு முதலில் ஏமாற்றம்தான். கட்டைக் கால், பெருந்தலை, மண்ணிற உடம்பு, மாவில் தோய்த்ததுபோல் வெளிறிய மூக்கு, கத்தரித்து விட்டதுபோல் நிமிர்ந்த பிடரி. மனித வாடை பட்டதும் ஆண்குதிரை காதை மடக்கிக் கூட்டத்தைத் தூரத்துக்கு விரட்டிக்கொண்டு போய்விட்டது. ஒரு பெட்டை மட்டும் நின்று திரும்பிப் பார்த்தது. தீனி போடக்கூடாது என்ற பலகையைக் காணாதவர்போல் அவர் அகத்திக்கீரையை நீட்டினார். நாலாம் அமாவாசைக்கு அது கையிலிருந்தே தின்றது. அப்பாவே வந்து வாங்கியதுபோல் அவருக்குக் கண் கலங்கியது.

ஒன்பதாம் அமாவாசையன்று வேலியடியில் லொறி நின்றது. பராமரிப்புக்காரப் பெண் கூடியிருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நாலு குதிரைகளை அவற்றின் பூர்வீகப் புல்வெளிக்கு, கசக்ஸ்தானுக்கு அனுப்ப இருந்தோம். மூன்றுதான் போகிறது. மனிதரைக் கண்டு ஓடாத குதிரை அங்கே ஒரு மாதம்கூட உயிரோடு தங்காது. யாரோ தீனி போட்டுப் பழக்கிவிட்டார்கள்."

தபோதரன் கீரைப் பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அப்பாவுக்குப் புண்ணியம் தேடப்போய் ஒரு சீவன் ஊர் போகிற வழியை அல்லவா அடைத்துவிட்டார்! சொல்லிவிடு என்றது மனம். கை பையை இன்னும் பின்னால் தள்ளியது.

லொறிக்குள் மூன்றும் உதைத்த உதையில் பலகைகள் அதிர்ந்தன. நாலாவது, அந்தப் பெட்டை, அத்தனை பேரையும் விட்டு நேரே அவரிடம் வந்து வேலிக்கு மேலால் மூக்கை நீட்டியது. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றார் ஜேர்மன் மொழியில்.

பராமரிப்புக்காரப் பெண் ஏசவில்லை. "அப்படியானால் நீங்களே விரட்டுங்கள். மனிதருக்குப் பயப்படப் பழகினால் அடுத்த வருடம் அனுப்பலாம்."

தபோதரன் பையைக் கீழே போட்டார். கையைத் தலைக்குமேல் ஓங்கி, தொண்டை கிழியக் கத்தினார்.

"போ!"

அது ஓடவில்லை. கீரைதான் என்று நினைத்து, ஓங்கிய கைக்குத் தலையை உயர்த்தியது.