கண்டல் இலையின் இடைவெளி

கம்பியூட்டர் காட்டுவதை அப்படியே நம்பக் கூடாது என்பது, நானே எம்பிராய்டரி டிசைன் செய்யத் தொடங்கிய முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. திரையில் இலையும் அதன் விளிம்பும் ஒட்டிக்கொண்டு அழகாக நின்றன. மெஷினில் தைத்து எடுத்தால் இலை ஒரு பக்கம், விளிம்பு ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் கறுப்புத் துணி பல்லிளித்தது. மெஷின் விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று முதலில் நினைத்தேன். பிறகு சொஃப்ட்வெயர்காரர்களைச் சந்தேகித்தேன். பிறகு நூலை. பிழை என்னிடமும் இருக்கலாம் என்பது கடைசியாகத்தான் நினைவுக்கு வந்தது. என் குணம் அப்படி. மீன்காரரின் தராசைக்கூட இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் பையை நீட்டுவேன்.

என் பெயர் நிரோஜினி. உட்துறைமுக வீதியில், வீட்டு முன்னறையில் ஒரு எம்பிராய்டரி மெஷின் வைத்திருக்கிறேன். ஆறு வருடமாகக் கொழும்பிலிருந்து வாங்கிய டிசைன்களைத்தான் தைத்தேன். அதே டிசைன்கள் ஊரில் எல்லோரிடமும் இருந்தன. ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் ஒரே ரோசாப்பூ நாலு பெண்களின் சட்டையில் பூத்திருக்கும். அதில் மூன்று நான் தைத்ததாக இருக்கும். நான் சாப்பாட்டுப் பக்கம் நழுவிவிடுவேன்.

என்னைக் கிளப்பிவிட்டவள் பஹ்மியா. பாலத்துக்கு அந்தப் பக்கம், கிண்ணியாவில், முஸ்லிம் பெண்கள் உடுக்கும் அபாயா அங்கி தைப்பவள். என்னைவிட எட்டு வயது இளையவள். அபாயாவின் கைகளுக்குப் பூவேலை செய்ய என்னிடம் துணி கொண்டுவந்துதான் பழக்கம்.

"ரோசா வேணாக்கா," என்றாள் ஒருநாள். "ஒருத்தருட்டயும் இல்லாத ஒண்ட நீங்களே செஞ்சி தாங்க. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நான் அத மட்டும்தான் தைக்கப் போறன்."

அந்த டிசைன் நன்றாக ஓடினால், பெருநாள் முடிந்ததும் இருவரும் சேர்ந்து துறைமுகப் பக்கம் ஒரு கடை எடுப்பது என்று முடிவாகியிருந்தது. வெட்டுவதும் தைப்பதும் அவள், பூவேலை நான். பலகையில் யாருடைய பெயர் முதலில் வருவது என்றுகூடப் பகிடியாகச் சண்டை பிடித்திருந்தோம். எனக்கு அந்தக் கடை வேண்டும். முன்னறையில் குந்தியிருந்து அலுத்துவிட்டது.

கிண்ணியாப் பாலத்தடியில் உப்புத் தண்ணீரில் நிற்கும் கண்டல் மரத்தில் ஒரு கிளையை முறித்து வந்து, மேசையில் வைத்துப் பார்த்துக் கீறினேன். நாலு இலை, நடுவில் நீளமாகத் தொங்கும் காய். கீறுவது லேசு. அதை மெஷினுக்கு விளங்கப்படுத்துவதுதான் பாடு. ஊசி எங்கே தொடங்க வேண்டும், நூல் எந்தப் பக்கம் சரிய வேண்டும், எது முதல், எது பிறகு, எல்லாம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது தன்பாட்டுக்குக் குறுக்கும் நெடுக்கும் ஓடும். என் முதல் இலைக்கு அடியில் குருவி முட்டையிடலாம் போல நூல் சிக்குப் பிடித்தது. இரண்டாவதில் காய் கத்தரிக்காயானது. எல்லாம் சரிவந்த பிறகும் அந்த இடைவெளி மட்டும் போகவில்லை.

கடைசியில் ஃபோனில் கேட்டுத்தான் அறிந்தேன். உள்ளே நிரப்பும் தையல் துணியை இழுத்துச் சுருக்கும். ஆகவே இலையை விளிம்பைத் தாண்டி ஒரு மயிரளவு நீட்டி அமைக்க வேண்டும். திரையில் பிழையாகத் தெரியும், துணியில் சரியாக வரும். அப்படியே செய்தேன். இலை விளிம்போடு போய் ஒட்டிக்கொண்டது. சந்தோசத்தில் குசினிக்குள் போய், தேத்தண்ணி போடப் போனதை மறந்து திரும்பி வந்தேன்.

அதன் பிறகு காவல் தொடங்கியது. யாராவது படலையைத் திறந்தால் லெப்டொப்பின் மேல் தலையணை உறையை இழுத்துப் போட்டேன். டிசைனுக்கு 'தடுப்பூசி அட்டை' என்று பெயர் வைத்து ஒளித்தேன். பஹ்மியாவிடமும் ஒரு சின்ன எம்பிராய்டரி மெஷின் இருந்தது. பெருநாள் வேலை நெரிசலில் அவளும் தைத்தால்தான் முடியும் என்பதால், திருத்திய டிசைனை அவளுக்கு மட்டும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். கொடுத்த கையோடு, கொடுத்திருக்கக் கூடாதோ என்றும் யோசித்தேன்.

பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மச்சாள் கமலாதேவி வந்தாள். மத்திய வீதியில் ஒரு கடையில் புதிதாக வாங்கிய சுரிதாரை என் மடியில் விரித்தாள்.

"இது உம்மட டிசைன் போலக் கிடக்கு. அதுதான் வாங்கினனான்."

நாலு இலை. தொங்கும் காய். இலைக்கும் விளிம்புக்கும் நடுவில் மயிரளவு இடைவெளி. கண்ணால் பார்த்துக் கொப்பியடித்தவன் அந்தப் பிழையையுமா கொப்பியடிப்பான்? இது என்னுடைய டிசைனேதான். எனக்குக் காது சுட்டது.

"ஆருக்கும் குடுத்தனீரோ?" என்று மச்சாள் கேட்டாள்.

"பஹ்மியாவுக்கு மட்டும்."

"நான் ஒண்டும் சொல்லேல்ல. ஆனா அங்காலப் பக்கத்து ஆக்களோட கூட்டுச் சேரேக்க யோசிக்க வேணும்."

தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் சந்தேகிக்கும் இந்தக் கதை இந்த ஊரில் பழையது. வேறொரு நாளென்றால் மச்சாளோடு சண்டைக்குப் போயிருப்பேன். அன்று போகவில்லை. அதைவிடக் கேவலம், அவள் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. கோபப்பட ஒரு இடம் கிடைத்துவிட்டதே. இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு நினைத்ததெல்லாம் சாட்சியாகிவிட்டது. டிசைன் எப்போது முடியும் என்று பஹ்மியா ஏன் மூன்று தடவை கேட்டாள்? போன கிழமை ஃபோன் எடுத்தபோது ஏன் அவசரமாக வைத்தாள்? மத்திய வீதியில் அவளுடைய சொந்தக்காரருக்குக் கடை இருப்பதாக ஒருமுறை சொன்னாளே, அது இந்தக் கடைதானோ? தான் மட்டும் தைக்கவிருந்த டிசைனைத் தானே ஊருக்கு விற்று அவளுக்கு என்ன லாபம் என்று மட்டும் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் சுரிதாரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சீனக்குடா தாண்டும்வரை சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பாலத்தில் ஏறும்போது இன்னும் இரண்டு வசனம் கூடிவிட்டது.

பஹ்மியாவின் தையலறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "வாங்கக்கா, இருங்க," என்று கதிரையைத் துடைத்துவிட்டாள். நான் இருக்கவில்லை. சுரிதாரை எடுத்து மேசையில் போட்டேன்.

"இது மத்திய வீதியில விக்குது. நான் உங்களுக்கு மட்டும்தான் குடுத்தனான். ஆருக்குக் குடுத்தீங்கள்?"

அவள் முகம் மாறியது. நான் அதையும் குற்றத்தின் அடையாளம் என்றுதான் எடுத்தேன். "கடையை எல்லாம் மறந்திடுங்கோ. களவெடுக்கிற ஆளோட எனக்குக் கூட்டு ஏலாது," என்றேன். அந்தச் சொல்லைப் பஸ்ஸிலேயே தயார்பண்ணி வைத்திருந்தேன்.

பஹ்மியா சுரிதாரின் கையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். கொடியில் தொங்கிய ஒரு அபாயாவை எடுத்து அதன் கையைப் பக்கத்தில் வைத்தாள்.

"இது நீங்க தந்த பென் டிரைவால தச்சது. பாருங்க."

பார்த்தேன். இலையும் விளிம்பும் ஒட்டியிருந்தன. இடைவெளி இல்லை.

"எனக்குத் தந்தது நல்லது. கடையில இரிக்கிறது பழுது. அந்தப் பழுத நான் கண்டதே இல்ல," என்றாள். "அது எங்க இரிந்திச்சி?"

என் லெப்டொப்பில் இருந்தது. வேறெங்கும் இல்லை. அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. ஃபோனில் கேட்டேன் என்றேனே, யாரிடம் கேட்டேன்?

வட்ஸ்அப்பில் புதிதாக டிசைன் செய்யப் பழகுகிறவர்களின் குழு ஒன்று. ஏன் இடைவெளி வருகிறது என்று படம் போட்டுக் கேட்டிருந்தேன். படத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாது, டிசைனையே போடுங்கள் அக்கா என்றார் ஒருவர். உடனே போட்டுவிட்டேன். அந்த நேரம் அது எனக்கு ஒரு டிசைனாகவே தெரியவில்லை. தீராத தலையிடியாகத்தான் தெரிந்தது. பதில் கிடைத்த சந்தோசத்தில் போட்டதையே மறந்துபோனேன்.

ஃபோனை எடுத்து மேலே தள்ளித் தள்ளித் தேடினேன். அங்கேயே கிடந்தது. 'தடுப்பூசி அட்டை' என்று ஒளிக்கும் முன் போட்ட 'கண்டல் இலை'. அதன் கீழே பூக்களும் கைகூப்பல்களும். 'நன்றி அக்கா, தைச்சுப் பாத்தன், நல்ல வடிவு' என்று யாரோ எழுதியிருந்தார். அந்த ஆளின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஃபோனைப் பஹ்மியாவிடம் நீட்டினேன். அவள் நிதானமாக வாசித்தாள். குழுவின் பெயரைத் தொட்டு எத்தனை பேர் என்றும் பார்த்தாள்.

"நானூற்றிப் பன்ரெண்டு பேர்," என்றாள். "ஒருத்தர்ர முகமும் தெரியாது. அவங்கள நம்பிட்டீங்க. என்ன மட்டும்தான் நம்ப ஏலாமப் போயிட்டு."

"பிழை என்னில, பஹ்மியா. மன்னியுங்கோ," என்றேன். 

"பதினெட்டுப் பேருக்கு, இது வேற எங்கயும் இல்லண்டு சொல்லித் தச்சிரிக்கன். இப்ப அவங்களுக்கு நான் கள்ளி." அவள் ஃபோனைத் திருப்பித் தந்தாள். "அத நான் சமாளிப்பன். நீங்க சொன்ன சொல்லத்தான் என்ன செய்யிறண்டு தெரியல்ல."

நான் அழுதேன். அவள் ஆறுதல் சொல்ல வரவில்லை. அதற்கு எனக்குத் தகுதியும் இல்லை. பள்ளிவாசலில் பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது.

"நான் தொழுதிட்டு வாறன். மெஷின் ஓடுது, நூல் அறுந்தாப் பாருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அறையில் நான் மட்டும். மேசையில் பூட்டாத அவளுடைய ஃபோன். பக்கத்தில் வாடிக்கையாளர்களின் பெயரும் அளவும் நம்பரும் எழுதிய கொப்பி. அலுமாரி திறந்து கிடந்தது, வெட்டி வைத்த துணியெல்லாம் வெளியே தெரிந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் தன்னைக் கள்ளி என்றவளிடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவள் தொழப் போயிருந்தாள். இத்தனை வருடப் பழக்கத்தில் என் முன்னறையில் அவளை நான் ஒரு நிமிடமும் தனியே விட்டதில்லை. தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனாலும், ஏதோ பேச்சுக் கொடுத்து அவளையும் கூடவே கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

மூன்றாவது இலையில் நூல் அறுந்து மெஷின் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தேன். நாலைந்து தடவை தவறிப் போனது.