வலம் என்று எழுதியிருந்தது

நான் பென்னலூர் பட்டறையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வருடம் 1986. காகிதச் சுருளில் குத்திய துளைகளைப் படித்துத் தானாகவே மரம் செதுக்கும் எந்திரம் ஒன்றை முதலாளி பலராமன் வாங்கிப் போட்டிருந்தார். துளை போடுவது என் வேலை. பட்டறையில் அந்தச் சுருளுக்கு ஓட்டை ரிப்பன் என்று பெயர். எனக்கு ரிப்பன் வாத்தியார்.

அன்று எந்திரத்தில் இருந்தது, தேக்குப் பலகைகளை ஒட்டி ஆறு வாரம் காயவைத்த கட்டை. அடையாறில் ஒரு வீடு. நடுத்தூணைச் சுற்றி ஏறும் படிக்கட்டு. அதன் வெளி ஓரத்துக்குக் கைப்பிடி. அந்தத் தேக்கில் வேறு துண்டு இல்லை.

"நல்லபடியா வந்தா நீ பர்மனென்ட், ஜெபதாஸ்" என்று பலராமன் சொல்லியிருந்தார். "கெட்டுதுன்னா எந்திரத்தை வித்துடுவேன். அப்புறம் உனக்கு இங்க இன்னா வேலை?"

அளவெடுத்து வந்தவர் தச்சு மேஸ்திரி சுப்பராயன். அவருடைய தாளில் அளவுகளுக்குக் கீழே 'வலம்' என்று ஒற்றைச் சொல். ஏறுகிறவரின் வலப்பக்கம் கைப்பிடி என்று எடுத்துக்கொண்டேன். அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

வளைவை முந்தின நாளே வெட்டியாயிற்று. இப்போது சரிவு. ஒரு முனை தாழ வேண்டும், மறுமுனை உயர வேண்டும். தாழ வேண்டிய முனையின் மேல்பக்கத்தில் எந்திரம் சீவத் தொடங்கியது. ஓட்டத்துக்கு மூன்று நூல் ஆழம். எட்டு நூல் ஓர் அங்குலம்.

பலராமன் என் தோளருகே நின்றிருந்தார். முதல் ஓட்டம் முடியும்போது, தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னார்: "கோயில் சுத்துறாப்ல ஏறணும்னு வூட்டுக்காரர் ஒத்தக்கால்ல நிக்கிறாரு."

கோயில் சுற்றினால் சாமி வலப்பக்கம். அப்படியானால் தூண் வலப்பக்கம், கைப்பிடி இடப்பக்கம். நான் தாழ்த்திக்கொண்டிருக்கும் முனைதான் உயர வேண்டிய முனை.

அல்லது அப்படி இல்லாமலும் இருக்கலாம். சுப்பராயன் கைப்பிடி வரும் பக்கத்தைத்தான் எழுதியிருக்கலாம். அவர் இருபதடி தள்ளி இழைத்துக்கொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்தால் போதும். முதலாளி பக்கத்தில் இருந்தார். தெரியாமலா ஐந்து மாதம் சம்பளம் வாங்கினாய் என்று அவர் கேட்கப்போவது காதில் விழுந்தது. இரண்டாவது ஓட்டம் தொடங்கியது. நான் மரத்தூளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது முடியும்வரை நின்றேன்.

மூன்றாவது ஓட்டத்துக்கு வெட்டுப்பல் கீழே இறங்கும்போது பொத்தானை அழுத்தினேன்.

சத்தம் நின்றதும் சுப்பராயன் தலை நிமிர்ந்தார்.

"இன்னா வாத்தியாரே, ரிப்பன் அறுந்துபோச்சா?"

"வலம்னு எழுதியிருக்கீங்களே மேஸ்திரி. எது வலம்?"

"இதுல இன்னா கேள்வி?" அவர் எழுந்து வந்து, பசை டிரம்மைச் சுற்றி நடந்து காட்டினார். டிரம் அவர் வலக்கைப் பக்கம் இருந்தது. "தூண் சோத்தாங்கைப் பக்கம். நீ எந்தக் கையால சோறு துன்றே?"

கட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. பலராமன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யார் தப்பு?"

"நான் கேட்டிருக்கணும் சார். முதல் ஓட்டத்துலயே சந்தேகம் வந்துச்சு. அப்பவும் கேக்கல."

சுப்பராயன் சீவிய இடத்தில் அளவுகோலை வைத்தார். வெகுநேரம் குனிந்திருந்தார்.

"ஆறு நூல் போயிருக்கு. கட்டையில ஒரு அங்குலம் கூடுதலா வுட்டிருந்தேன். ரெண்டு நூல் மிச்சம் கீது." தாளை எடுத்துப் பார்த்தார். "நானும் ஒரே வார்த்தையில எழுதி வெச்சிருக்கேன்."

"வருமா, வராதா?" என்றார் பலராமன்.

"கட்டைக்குள்ள கைப்பிடிய மொத்தமா ஆறு நூல் கீழே இறக்கி வெட்டினா வரும். அதுக்கு மேல ஒரு சீவல் தாங்காது."

பலராமன் என் பக்கம் திரும்பினார். "புது ரிப்பன் போடு. துளைக்குத் துளை இவருக்குப் படிச்சுக் காட்டு. இவர் சரின்னாதான் எந்திரம் ஓடணும்."

பர்மனென்ட் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சுப்பராயன் ஒரு முக்காலியைத் துளை போடும் எந்திரத்தருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் முதல் துளைக்கான எண்ணைச் சத்தமாகப் படித்தேன்.