கைப்பிடியின் உயரம்

இயந்திரத்தின் முன்சக்கரம் வாசற்படியில் மாட்டிக்கொண்டது. தூக்குவதா, இழுப்பதா என்று தெரியாமல் மாணவர்கள் நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டுப் படுக்கையறையிலிருந்து அவள் வெளியே வந்தாள்.

"நாங்கதான் மேடம். இன்னைக்கு ரிவ்யூ இருக்குல்ல," என்றாள் குழுத் தலைவி, குனிந்தபடியே. "கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டோம். சார் முழிச்சிருக்காரா?"

அவள் வாசலை விட்டு ஒதுங்கி நின்றாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கூடத்தில் முன்பின் தெரியாத இரண்டு ஆட்கள் நின்றிருந்தார்கள். சுவரில் ஒரு ஸ்ட்ரெச்சர் சாய்ந்திருந்தது. தெருவோரம் நின்ற வெள்ளை அமரர் ஊர்தியைத் தாண்டித்தான் வந்தோம் என்பது அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"எப்போ மேடம்?"

"விடியக்காலைல."

பையன்களில் ஒருவன் இயந்திரத்தைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டான். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து கதவில் இடித்தது. அவன் அவசரமாக மறுபடி பிடித்துக்கொண்டான்.

இறந்துபோன அவள் கணவர் பொறியியல் கல்லூரியில் வடிவமைப்புப் பாடம் நடத்தியவர். அவர் பாடத்துக்குப் பரீட்சை கிடையாது. வகுப்பைக் குழுக்களாகப் பிரிப்பார். ஒவ்வொரு குழுவுக்கும் உயிரும் உடம்புமாக ஒரு மனுஷரையும் அவருடைய கஷ்டத்தையும் கையில் கொடுத்துவிடுவார். திட்டம் போட்டு, வரைந்து, செய்து, பருவம் முடிவதற்குள் ஒப்படைக்க வேண்டும். அந்த மனுஷர்தான் கஸ்டமர். ரிவ்யூவின்போது அவரிடம் ஒரே கேள்வி: "ஏத்துக்கிறீங்களா?" இல்லை என்றால் தூக்கிக்கொண்டு போய் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். குழுவுக்கும் கஸ்டமருக்கும் நடுவில் வாத்தியார் புகுந்து பேசக் கூடாது என்பது இன்னொரு விதி. அவர் எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

நோய் கால்களில் ஆரம்பித்தது. கல்லூரிக்குப் போவது நின்றது, வாத்தியார் வேலை நிற்கவில்லை. ஒரு குழுவை வீட்டுக்கே வரவழைத்தார். படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தன்னைத் தூக்கி வைக்க ஓர் இயந்திரம் வேண்டும் என்றார்.

"ஆனா நான் கஸ்டமர் இல்ல. நான் வெறும் சுமை. தினம் தூக்குறவ அதோ நிக்கிறா பாருங்க, அவதான் கஸ்டமர்."

அன்றைக்கு அவள் சிரித்தாள். இந்த விஷயத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு தடவை இயந்திரம் வந்தது. இரண்டு தடவையும் அவர் திருப்பி அனுப்பிவிட்டார். மாணவர்கள் அவரோடு உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அவள் கண்ணயர்கிற நேரம். கூடத்தில் வெறுந்தரையில் படுத்துவிடுவாள். எழுந்து வந்தால் இயந்திரம் இருக்காது.

"எங்க அது?"

"இன்னும் உன்கிட்டக் காட்டுற அளவுக்குச் சரியா வரல. எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன்."

இரண்டாவது தடவை அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க பசங்க மார்க்குக்கு என் இடுப்புதான் கிடைச்சுதா?" என்று கத்தினாள். படியிறங்கிக்கொண்டிருந்த மாணவர்கள் காதிலும் அது விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் ஒரு சாயங்காலம், குளியலறையில் அவர் அவள் பிடியிலிருந்து நழுவி விழுந்தார். தூக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கையையும் காலையும் பிடித்துத் தூக்கும்வரை, ஈரத் தரையில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படுக்கையில் போட்ட பிறகு அவர் சொன்னார், "இனிமே யாரும் என்னை அப்படி மூட்டை மாதிரி தூக்கக் கூடாது." அவள் சரி என்றாள். அந்த வார்த்தை இன்று காலையிலிருந்து அவளைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது.

கொழுந்தன் கூடத்துக்கு வந்தான். "நேரமாகுது அண்ணி. கட்டில் மூலைல மாட்டியிருக்கு, ஸ்ட்ரெச்சர் உள்ள போகாது. ஆளுக்கொரு பக்கம் கையைக் காலைப் புடிச்சா ஒரு நிமிஷ வேலை."

"வேண்டாம்."

"வேற எப்படித் தூக்குறது?"

அவள் மாணவர்கள் பக்கம் திரும்பினாள். "அதை உள்ள கொண்டாங்க. அதுல தூக்கி ஸ்ட்ரெச்சர்வரைக்கும் தள்ளிட்டுப் போகலாம்."

"இப்பவா மேடம்?"

"இன்னைக்கு ரிவ்யூன்னு நீதானேம்மா சொன்னே?"

சக்கரம் படியைத் தாண்டியது. படுக்கையறையில் அவரைப் பார்த்ததும் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான். மற்றவர்கள் தூக்குதுணியை அவருக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்தார்கள். எந்நேரமும் ஸ்பானரோடு அலைவதால் அவரிடம் திருகாணி என்று பெயர் வாங்கிய பையன்தான் கொக்கிகளை மாட்டினான். மாட்டி முடித்ததும் பழக்க தோஷத்தில் கைப்பிடிக்குப் போனான்.

"நீ இல்லடா," என்றாள் குழுத் தலைவி. "கஸ்டமர்தான் ஓட்டணும்."

"செத்த வீட்ல இதென்ன கூத்து," என்று கொழுந்தன் முணுமுணுத்தான்.

அவள் போய்க் கைப்பிடியைப் பற்றினாள். முழங்கை தோளுக்கு ஏறியது. ஒரு சுற்று சுற்றுவதற்குள் இடுப்பில் பிடித்த வலி குதிகால்வரை இறங்கியது. விட்டுவிட்டாள்.

"ரொம்ப உயரமா இருக்கு."

அந்தப் பெண்ணின் முகம் வெளிறியது. "குறைச்சுட்டோமே மேடம். ரெண்டு தடவையும் சார் இதுக்காகத்தான் திருப்பி அனுப்பினாரு. 'இது திருகாணி ஓட்டுற உயரம், என் பொண்டாட்டி ஓட்டுற உயரமா இது'ன்னு கேட்டாரு."

அவள் கட்டிலைப் பார்த்தாள். இதற்காகத்தானா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பிறகு குழுத் தலைவியின் பக்கம் திரும்பினாள்.

"சரி, இந்த உயரத்தை எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"உங்க சமையல் மேடையை அளந்தோம் மேடம். தண்ணி குடிக்கப் போற மாதிரி போயி. சமைக்கிறவங்க உயரத்துக்குத்தானே மேடை கட்டுவாங்க..."

கட்டியது அப்படித்தான். ஆனால் இந்த வீட்டில் சமைத்தவர் இதோ படுத்திருப்பவர். அவள் குடிநீர்ச் சோதனைக் கூடத்தில் வேலை முடிந்து வரும்போது சோறு தயாராக இருக்கும். வீடு கட்டும்போது கொத்தனாருக்குத் தன் முழங்கையை மடக்கிக் காட்டி, இந்த உயரம் என்றவர் அவர்தான். அவர் படுத்த நாளிலிருந்து அவள் அந்த மேடைக்கு முன்னால் ஒரு பலகையைப் போட்டு, ஏறி நின்று சமைத்துக்கொண்டிருக்கிறாள். கதவு, கட்டில், நாற்காலி, அவர் எடை என்று வீட்டில் ஒன்று விடாமல் அளந்த பிள்ளைகள், அடுப்படியில் கிடந்த அந்தப் பலகையைக் காலால் தள்ளிவிட்டு மேடையை அளந்திருக்கிறார்கள்.

"என்னையே கேட்டிருக்கலாமே?"

"சார் கேக்கத்தான் சொன்னாரு மேடம். நாங்க வர்றப்பல்லாம் நீங்க தூங்கிட்டிருந்தீங்க. எழுப்ப மனசு வரல. அப்புறம் அன்னைக்கு சத்தம் போட்டீங்கல்ல, பயந்துட்டோம். சார்கிட்ட கேட்டா, 'நான் சொல்ல மாட்டேன், அவகிட்டப் போய் கேளுங்க'ன்னுட்டாரு."

சொல்லியிருப்பார். இவள் இடுப்பொடிந்து நின்றபோதும் விதியை விடாமல், பாடம் நடத்திக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டார்.

வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். "அண்ணி, போதும். இந்தப் பசங்களை அனுப்புங்க," என்றான் கொழுந்தன்.

"நான் ஏத்துக்கலை," என்றாள் அவள், குழுத் தலைவியைப் பார்த்து. "அளந்துக்கோ. இறக்கி மாட்டுங்க. வண்டி நிக்கட்டும்."

கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டு வண்டிக்காரனைச் சமாளிக்கப் போனான். அந்தப் பெண் பையிலிருந்து டேப்பை எடுத்து, அவள் முன்னால் மண்டியிட்டாள். டேப்பின் நுனியைத் தரையோடு அழுத்திக்கொண்டாள்.

"கொஞ்சம் நேரா நில்லுங்க மேடம்."

"இதாம்மா எனக்கு நேர்."

வலது தோள் இறங்கியிருந்தது. இடுப்புக்கு மேலே உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அந்தப் பெண் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். டேப்பை மேலே இழுத்து, அந்தச் சாய்வோடு சேர்த்தே முழங்கையை அளந்து, திருகாணியிடம் சொன்னாள். அவன் போல்ட்டைக் கழற்றினான். கை நழுவிய போல்ட் கட்டிலுக்கடியில் உருண்டது. ஒருவன் தவழ்ந்து போய் எடுத்து வந்தான். ஸ்பானர் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்போ பாருங்க மேடம்."

அவள் பற்றினாள். முழங்கை இருந்த இடத்திலேயே இருந்தது. சுற்றினாள். வலிக்கவில்லை. துணி இறுகி, அவர் படுக்கையை விட்டுக் கொஞ்சமாக எழும்பினார். கை தொங்கவில்லை, தலை சாயவில்லை, எங்கேயும் இடிக்கவில்லை.

"போதும் மேடம். இந்த உயரம் போதும்."

அவள் இன்னும் ஒரு சுற்று சுற்றினாள். கீழே மெத்தையில் அவர் கிடந்த பள்ளம் தெரிந்தது. அந்தப் பள்ளம் மெல்ல மெல்ல மேலெழும்பிச் சமமாகிக்கொண்டிருந்தது.