அச்சேறாத நாய்

ஆஸ்திரேலியாவின் வாராபின் பண்ணையில் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் பருவத்தின் மூன்றாம் ஞாயிறு. துவைத்த சட்டைகள் வேலிக் கம்பியில் காய்ந்தன. கத்தரிப்பவர்கள் நாங்கள் நாற்பது பேர் குடிசை நிழலில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். மேற்பார்வையாளர் லட்குரோவ் துரை குதிரையில் வந்து இறங்கினார். அவர் கையில் சிட்னி வார இதழ் கசங்கிக் கிடந்தது.

அந்த இதழ் நுழையாத கத்தரிப்புக் கொட்டகை டார்லிங் நதிக்கரையில் உண்டா? சீமைக் கவிகள் குயிலையும் பனியையும் பாடிக்கொண்டிருந்தபோது, எங்கள் புழுதியையும் பசியையும் அச்சேற்றியது அது. பிரபுக்கள் எழுதவில்லை, பேராசிரியர்கள் எழுதவில்லை. மாடு ஓட்டியவன் எழுதினான், வேலி அடித்தவன் எழுதினான், நாடே படித்தது!

அந்த வாரப் பாட்டை எழுதியவன் எங்களில் ஒருவன், மைக்கா டிரெகியர். மாவு கேட்டு வந்த முதிய தொழிலாளியை ஒரு பண்ணை விரட்டியதையும், வறண்ட குளத்தோரம் அவர் மாண்டதையும் பாடியிருந்தான். எழுதியது புனைபெயரில்தான், ஆனால் அது இந்த வாராபின் பண்ணைதான் என்பதை வட்டாரமே அறியும். அவன் எழுதியதைப் படித்துத் தபாலில் சேர்த்தவன் நான். வேறெவருக்கும் தெரியாது. தெரிந்தால் கறுப்புப் பட்டியல். பிறகு எந்தக் கொட்டகையும் அவனைச் சேர்க்காது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் அவன் கத்தரியை நம்பித்தான் உண்டார்கள்.

"எழுதினவனுக்குத்தான் ஒரு வரி விடாம மனப்பாடமா இருக்கும்" என்றார் துரை. "ஒவ்வொருத்தனா எந்திரிச்சுச் சொல்லுங்க. சொல்ல மாட்டேங்கிறவன் மூட்டையக் கட்டலாம்."

ஃபீலன் சிரித்துக்கொண்டே எழுந்தான். "அம்புட்டுத்தானா தொரை? நல்லா உக்காந்து கேளுங்க."

முதல் வரி முதல் கடைசி வரி வரை முழங்கினான். அடுத்தவன் எழுந்தான், அவனும் முழங்கினான். அச்சில் வந்த பாட்டை ஒரே வாரத்தில் ஒரு கொட்டகையே விழுங்கிவிடும் என்பதை அந்த மனிதர் அறியவில்லை. பண்ணையின் பாவத்தை ஒன்பது வாய்கள் அவர் முகத்துக்கு நேரே படித்தன. முகம் சிவந்தது.

பத்தாவதாக மைக்கா எழுந்தான். இரண்டு சரணங்கள் சரியாக வந்தன. மூன்றாவது முடிந்ததும்,

"கூடிய காகம் அணுகாமல் – ஒரு
குட்டைவால் நாயது காத்ததுவே…"

"டேய் டேய்! நாய் எங்கேருந்துடா வந்துச்சு?" சமையற்காரர் ஆஸ்குட் கத்தினார். "பாட்டுல நாயே கிடையாதே!"

"ஆட்டோட பழகி ஆட்டு மூளையாவே போச்சு இவனுக்கு" என்றான் ஃபீலன்.

அவன் எழுதிய தாளில் பிணத்தைக் காத்த அந்த நாய் இருந்தது, இதழாசிரியர்தான் வெட்டியிருந்தார். அஞ்சிய வேளையில் மைக்காவின் நாவில் வந்தது அச்சில் வந்த பாட்டு அல்ல, அவன் பாட்டு.

துரை வாய்விட்டுச் சிரித்தார். "நீ உக்காரு. படிச்சதே உனக்கு ஞாபகமில்ல, நீயா எழுதப்போற!"

பதினெட்டாவது ஆள் எழுந்தபோது அவர் இதழை மண்ணில் வீசிவிட்டுக் குதிரை ஏறினார்.

புழுதி அடங்கியது. ஆஸ்குட் மைக்காவையே உற்றுப் பார்த்தார். பிறகு அவன் குவளையில் தேநீர் ஊற்றினார்.

"ஏம்ப்பா, அந்த நாய் எத்தன நாளு அங்க இருந்துச்சு?"

"மூணு நாளு" என்றான் மைக்கா.

"அத எதுக்குப் போடாம விட்டாங்க?"

"பத்திரிகையில எடம் பத்தலையாம்."

எழுதியவன் நீயா என்று எவனும் கேட்கவில்லை. ஃபீலன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"நாய் வர்ற எடத்த முழுசாச் சொல்லு, கூட்டாளி. மெதுவாச் சொல்லு. நாங்க பிடிச்சுக்கிறோம்."

அடுத்த மாதம், நூறு மைலுக்கு அப்பால், நான் முன்பின் அறியாத ஒருவன் வேறொரு கொட்டகையில் அந்தப் பாட்டைச் சொன்னான். நாயோடு சொன்னான்.