சீட்டோடு வந்த மீன்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அண்ணி துணி மடித்துக்கொண்டே சொன்னாள். நான் எதிரே உட்கார்ந்து சாக்ஸுகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்ததும் தலையணை உறையை உதறினாள்.

"எழுதறதுன்னா எழுதிக்கோ. ஆனா என்னைப் பயந்தாங்கொள்ளியா எழுதாதே. நீ எழுதற பொம்பளைங்க எல்லாம் எதுக்கெடுத்தாலும் அலறுறாங்க."

அலறவிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கு எவ்வளவு சிரமம் என்று எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "அந்த மீன் கண் சிமிட்டாமல் அவளையே பார்த்தது." மீனுக்கு இமையே கிடையாது, பிறகு எப்படிச் சிமிட்டும்? அடித்துவிட்டேன். தவிர, அது அவளைப் பார்க்கவே இல்லை. அதுதான் பிரச்சினையே. அதற்கு வருகிறேன்.

இரண்டாவது: "லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட மனிதர்களும் கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் மீனும்…" வேண்டாம். இந்த உவமை கூப்பிடாமலே வந்து காலைச் சுற்றுகிறது. துரத்திவிட்டேன். மறுபடி எங்காவது எட்டிப் பார்த்தால் நீங்களும் துரத்துங்கள்.

மூன்றாவது தொடக்கம் அண்ணி சொன்னதேதான். அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

அண்ணி லிஃப்ட் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தாள். எங்காவது ஒரு கட்டடத்தில் யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால், உள்ளே மணிப் படம் போட்ட பொத்தானை அழுத்துவார்கள். அண்ணியின் மேசையில் சிவப்பு விளக்கு எரியும், ஃபோன் அடிக்கும். எந்தக் கட்டடம், எத்தனை பேர் என்று கேட்டு மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். அவர் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவரிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பாதி வேலை தகவல், பாதி வேலை தாலாட்டு.

சேர்ந்த அன்று மேசைமேல் ஒரு சிறிய தொட்டி இருந்தது. அதற்குள் ஒற்றை மீன். கடைக்காரர்கள் பெட்டா என்றும் ஃபைட்டர் என்றும் சொல்கிற சண்டை மீன். மயில்கழுத்து நிறம், பாவாடை மாதிரி விரிந்த வால்.

"இது யாருது சார்?"

மேனேஜர் எதைக் கேட்டாலும் "ஆகட்டும், பார்க்கலாம்" என்பவர். அதனால் அலுவலகத்தில் அவருக்கு ஆகட்டும் என்றே பெயர். அன்று மட்டும் அவள் நாற்காலியைக் காட்டி வேறு பதில் சொன்னார்.

"சீட்டோட வர்றதும்மா."

4

அண்ணி அதற்குத் தீனி வாங்கிவந்து போட்டாள். கடுகு மாதிரி உருண்டைகள். மீன் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு, தீனியைத் தொடாமல் கீழே இறங்கிவிட்டது. மறுநாளும் அப்படியே. வாரம் போனது. உருண்டைகள் ஊறிப்போய் அடியில் கிடந்தன. மீனோ கொழுகொழுவென்று இருந்தது.

மீன்கடைக்காரர் சிரித்தார். "வேற யாரோ போடுறாங்கம்மா. ஃபைட்டருக்குத் தீனி போடுற ஆளை நல்லாத் தெரியும். அவங்க வந்தா கண்ணாடிகிட்ட ஓடிவரும். கவனிச்சுப் பாருங்க, யார் வரும்போது ஓடிவருதுன்னு."

அண்ணி கவனித்தாள். அந்த அறையில் இருந்தது அவள் மட்டும்தான். ஆகட்டும் உள்ளறையை விட்டு வருவதில்லை. மெக்கானிக் வெளியிலேயே சுற்றுபவர்.

காலையில் அவள் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மீன் கண்ணாடிக்கு ஓடிவரும். வாலை ஆட்டி ஆட்டி நெளியும். அவள் முகத்தைப் பார்க்காது. அவளுடைய இடது தோளுக்குச் சற்று மேலே, அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் நின்றால் அவர் முகம் எங்கே இருக்குமோ, அங்கே பார்க்கும்.

(இங்கே என் வரைவில் "அவள் முதுகுத்தண்டு சில்லிட்டது" என்று இருந்தது. அண்ணி படித்துவிட்டு, "எனக்குச் சில்லிடல. நாற்காலியைச் சுவத்தோட ஒட்டிப் போட்டுக்கிட்டேன்" என்றாள். "அப்புறம்?" என்றேன். "அப்புறம் அது சுவரைப் பார்த்துச்சு.")

5

இந்த இடத்தில் அண்ணி என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. வேறு யாராக இருந்தாலும் அடுத்த நாளே வேலையை விட்டிருப்பார்கள். அண்ணனும் அதைத்தான் சொன்னான்.

"விட்டுட்டா, மாட்டிக்கிட்டவங்ககிட்ட யார் பேசுறது?" என்று அவள் கேட்டாளாம். நம்பும்படியாக எழுத வேண்டும் என்றால் இந்த வரியை எடுத்துவிட வேண்டும். நிஜமாகச் சொன்னதால் விட்டுவைக்கிறேன்.

அவள் ஆகட்டுமிடம் போய், தனக்கு முன்னால் அந்த சீட்டில் இருந்தவர் யார், ஏன் வேலையை விட்டார் என்று கேட்டாள்.

"அவர் வேலையை விடலம்மா," என்றார் ஆகட்டும். "வரல. அவ்வளவுதான்."

"யாரும் போய்ப் பார்க்கலையா?"

"ஆகட்டும், பார்க்கலாம்."

6

இனி நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நடுவில் மூக்கை நுழைக்க மாட்டேன்.

ஒரு மதியம் மீன் தோளுக்கு மேலே பார்ப்பதை விட்டுவிட்டு ஃபோன் பக்கம் திரும்பியது. செவுளை விரித்தது. தலையைச் சுற்றிக் கறுப்புக் குடை பிடித்த மாதிரி இருந்ததாம். விளக்கு எரியவில்லை, ஃபோனும் அடிக்கவில்லை. மீன் கண்ணாடியில் மோதியது. மறுபடி மோதியது. அண்ணி பொறுத்துப் பார்த்துவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

ஒரு ஆண் குரல் கேட்டது. நிதானமான, கொஞ்சம் கரகரத்த குரல். அது அவளிடம் பேசவில்லை.

"பயப்படாதீங்க. நான் எங்கேயும் போகல. சரக்கு லிஃப்ட்தானே? சுவத்துல சாஞ்சு உட்காருங்க. புது அம்மா இருக்காங்க, இப்ப வருவாங்க."

அண்ணி ரிசீவரைக் கீழே வைக்காமலே ஓடினாள். அவர்கள் கட்டடத்தின் பின்பக்கம் பழைய சரக்கு லிஃப்ட் ஒன்று உண்டு. யாரும் உபயோகிப்பதில்லை. அதன் வாசலில் மெக்கானிக்கின் பை கிடந்தது, பைமேல் அவருடைய செல்ஃபோன். சாப்பாட்டு நேரத்தில் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று உள்ளே போனவர், இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தார். காவலாளியைக் கூப்பிட்டு, மேலே மோட்டார் அறைக்குப் போய், லிஃப்டை இழுக்கும் சக்கரத்தைக் கையால் சுற்றி இறக்கினார்கள். கதவைத் திறந்தபோது மெக்கானிக் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டையைப் பிழிந்தால் வாளி நிறையும். அவருக்கு ஏற்கெனவே நெஞ்சு வலி உண்டு. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ற பேச்சே வேண்டாம்.

தண்ணீர் குடித்த பிறகு அவர் சொன்னார்: "நல்லவேளை மேடம், சார் பேசிக்கிட்டே இருந்தாரு. இல்லன்னா கதவுல தலையை முட்டியே செத்திருப்பேன். எப்ப திரும்ப வேலைக்கு வந்தாரு?"

"எந்த சார்?"

"நம்ம பழைய சார்தான். எனக்கு அவர் குரல் தெரியாதா?"

அவர் திரும்ப வரவே இல்லை என்றாள் அண்ணி. மெக்கானிக்கே எழுந்து போய், மணிப் பொத்தான் இருந்த தகட்டைத் திருகிக் கழற்றினார். பின்னால் வயர் இல்லை. வெட்டிய நுனியில் டேப் சுற்றியிருந்தது. டேப்மேல் ஒட்டடை.

* அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: மூச்சு முட்டுகிறவனுக்கு எத்தனையோ குரல்கள் கேட்கும் என்று எனக்குத் தெரிந்த டாக்டர் சொன்னார். ரிசீவரைப் பிடித்திருந்த அண்ணிக்கு மூச்சு முட்டவில்லையே என்றேன். டாக்டர் பேச்சை மாற்றிவிட்டார்.

7

முடிவு ஒன்று: பழைய சார் இறந்துபோயிருக்கிறார். மீனுக்காகவும் மாட்டிக்கொண்டவர்களுக்காகவும் இன்னமும் வந்துபோகிறார். (அரதப் பழசு. வெட்கமாக இருக்கிறது.)

முடிவு இரண்டு: அவர் எங்கேயோ உயிரோடு, சுகமாக, ஒரு கடை வைத்து… (அப்படியானால் ஃபோனில் பேசியது யார்? அடித்துவிட்டேன்.)

"இப்படி உட்கார்ந்து யோசிக்கிறதுக்கு, ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்," என்றாள் அண்ணி. "நாளைக்கும் அந்த நாற்காலியில உட்காரப் போறது நான்தானே."

மெக்கானிக்குக்கு வீடு தெரியும். வழி சொன்னாரே தவிர, கூட வரமாட்டேன் என்றுவிட்டார்.

8

அண்ணி அரைநாள் லீவு போட்டாள். பொழுது சாயும் நேரத்தில் நாங்கள் இருவரும் படியேறிப் போனோம். கதவைத் திறந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் ஈரத் துண்டு.

"சார் ஆபீஸ்ல இருந்து வர்றோம்," என்றாள் அண்ணி. "அவரைப் பார்க்கணும்."

அந்த அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "அவர் ஆபீஸ்லதானேம்மா இருப்பாரு. உங்களுக்கு இன்னிக்கு லீவா?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வேலைக்குப் போகாததை வீட்டில் சொல்லத் தைரியமில்லாமல், தினமும் கிளம்பிப் போய் எங்காவது பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வருகிற மனிதர்கள் உண்டு. பாவம், இவரும் அப்படி ஒருவர். கதைக்கு இதைவிட நல்ல முடிவு கிடைக்காது. சோகமும் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது.

"உட்காருங்க, வர்ற நேரம்தான்," என்று அந்த அம்மா சோபாவைக் காட்டினாள். "ஓ, நீங்கதான் அந்தப் புது அம்மாவா? உங்களைப் பத்தி நிறைய சொல்லியிருக்காரு. அன்னிக்கு அந்த மெக்கானிக்கை ஓடிப்போய் இறக்கிவிட்டீங்களாமே. 'நான் பேச்சுதான் கொடுக்க முடியும், கதவைத் திறக்க என்னால ஆகுமா, அந்தப் பொண்ணு கெட்டிக்காரி'ன்னு ராத்திரி சாப்பிடும்போது சொன்னாரு."

(மெக்கானிக் வந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் எழுதலாம். எழுத வரவில்லை.)

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள்: "வீட்டுக்கு வந்தா நல்லா சாப்பிடுறாரா?"

"அதெல்லாம் ஒரு குறையும் இல்ல. முன்னைவிட இப்பதான் கலகலப்பா இருக்காரு. கைதான் எந்நேரமும் சில்லுன்னு இருக்கு. ஆபீஸ்ல ஏசி ஜாஸ்தியோ?"

எங்கள் அண்ணியின் ஆபீசில் ஏசி கிடையாது.

"ஆமாம்மா," என்றாள் அண்ணி. "ஜாஸ்திதான். குறைக்கச் சொல்றேன்."

9

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியும். எழுதிப் பார்த்தேன். எழுதியதும் அது பொய்யாகிவிடுகிறது. உயிரோடு ஒருவர் வந்தார் என்றாலும் பொய், வரவில்லை என்றாலும் பொய். மறுநாள் அண்ணி வழக்கம்போல வேலைக்குப் போனாள் என்பதை மட்டும் சொல்கிறேன். அது பயமில்லாததாலா, வேறு எதனாலா என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த அறையை மட்டும் இருந்தது இருந்தபடி உங்களிடம் தருகிறேன்.

சோபாவில் நானும் அண்ணியும். வாசல் கதவு எங்களுக்குப் பின்னால். கீழே படிக்கட்டில் செருப்புச் சத்தம். அவசரமே இல்லாத, ஒவ்வொரு படிக்கும் இளைப்பாறி ஏறுகிற சத்தம். அந்த அம்மா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். முகம் மலர்ந்திருக்கிறது. எங்களைத் தாண்டிக் கதவுக்குப் போகிறாள். அண்ணி என் கையைப் பிடிக்கிறாள். பயத்தில் இல்லையாம், நான் எழுந்து ஓடிவிடக் கூடாதே என்றுதானாம்.

எதிரே ஒரு நாற்காலி, கதவைப் பார்த்தபடி, காலியாக இருக்கிறது. நான் பின்னால் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. நீங்கள் அதில் உட்காருங்கள்.

அந்த அம்மா தாழ்ப்பாளை எடுத்துவிட்டாள்.